‘புரிஞ்சுதா?’ வாழ்க!

கேள்விகளுக்கெல்லாம் அரசே, ‘புரிஞ்சுதா?’ என்னும் பெருந்தகையே! தமிழ்நாட்டுக் கணக்கு வகுப்புகளைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவரும் உனக்கு ஒரு மெய்க்கீர்த்தி எழுத இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது. பள்ளிக்கூடங்களும் திறந்தாயிற்று. தென்காசி, மேலகரம், இலஞ்சி, வல்லம், செங்கோட்டை என்று எல்லா ஊர் வகுப்பறைகளிலும் இந்த வாரம் உன் குரல் கேட்கத் தொடங்கியிருக்கும். உன்னைப் பாட இதைவிட நல்ல நாள் கிடையாது. நான் சொல்லப்போகும் புகழில் இட்டுக்கட்டியது எதுவும் இல்லை. அத்தனையும் உன்னிடம் உள்ளவைதான்.

உன் முதற்பெருமை வேகம். ஆசிரியர் கரும்பலகையில் கடைசி வரியை எழுதி முடித்து, கையில் ஒட்டிய சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பி, ‘புரிஞ்சுதாடே?’ என்கிறார். ‘புரிஞ்சுது சார்!’ இரண்டுக்கும் நடுவே மூச்சு விட இடம் இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு ஒன்றைக் கண்டறிந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் ஏறத்தாழ ஒரு வினாடி. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டச் சொன்னபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகளே திருப்பிக் கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள். உனக்கு அந்த ஒரு வினாடிகூடத் தேவைப்படுவதில்லை. வகுப்பில் சிந்தனை நுழையக்கூடிய வாசல் அந்த மூன்று வினாடிதான் என்றால், அதைச் சாத்தி வைப்பதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை.

இரண்டாவது பெருமை உன் சமத்துவம். நீ யாரையும் தனியே எழுப்பி நிறுத்துவதில்லை. முதல் பெஞ்சில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கும், பின்சுவரில் சாய்ந்திருக்கும் பையனுக்கும், நேற்று வராமல் இன்று வந்தவனுக்கும் நீ ஒரே கேள்வி. அவர்களிடமிருந்து உனக்கு ஒரே பதில். வகுப்பில் ஒருவருக்கும் அவமானம் இல்லை. ஒருவருக்கும் புரியாமலும் இல்லை.

எட்டாம் வகுப்பு முற்றொருமைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் ஈக்வல் டு ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி பிளஸ் பி ஸ்கொயர்.’ எழுதியாயிற்று, எல்லாரும் சேர்ந்து மூன்று தரம் சொல்லியாயிற்று. நீ வந்தாய், ‘புரிஞ்சுது சார்’ என்று வகுப்பு அதிர்ந்தது. மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண்பிள்ளையும் அதே குரலில் சொன்னாள். அவள் நோட்டில் சூத்திரம் பிழையில்லாமல் இருக்கிறது, பெட்டி போட்டு இரண்டு கோடும் இழுத்திருக்கிறாள். அதற்கு நேர் கீழே அவளே போட்டுப் பார்த்த கணக்கு: (3 + 4)² = 9 + 16 = 25. அவள் பொய் சொல்லவில்லை. சூத்திரம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த 25 பத்திரமாக நோட்டுக்குள் மூடப்பட்டு வீட்டுக்குப் போகிறது; நோட்டுத் திருத்தும் நாளில் அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை ஆசிரியர் கண்ணில் படாமல் காத்தது நீதான்.

இப்போது உன் எதிரி ஒருத்தியை, யோசிக்க வைக்கும் கேள்வியைப் பார். அவளுக்கு உன் நற்குணம் எதுவும் கிடையாது. அதே பிள்ளையிடம் வந்து, ‘3-ஐயும் 4-ஐயும் கூட்டி ஸ்கொயர் பண்ணினா எவ்வளவு வருதும்மா? தனித்தனியா ஸ்கொயர் பண்ணிக் கூட்டினா எவ்வளவு?’ என்று கேட்கிறாள். 49, 25. ‘நடுவுல 24 எங்க போச்சு?’ என்கிறாள். கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறாள். வகுப்பு அமைதியாகிறது. எவ்வளவு அசிங்கமான அமைதி! தலைமை ஆசிரியர் வராந்தாவில் நடந்து போனால், பாடம் நடக்கவில்லை என்றுதான் நினைப்பார். பிறகு ஒருத்தி கட்டம் போட்ட நோட்டில் ஏழுக்கு ஏழு சதுரம் வரைகிறாள். ஒரு மூலையில் மூன்றுக்கு மூன்று, எதிர்மூலையில் நாலுக்கு நாலு. மிச்சமாக இரண்டு துண்டு நிற்கிறது, ஒவ்வொன்றிலும் 12 கட்டம். ‘சார், டூ ஏபி!’ என்று யாரோ கத்துகிறார்கள். எதிரி அத்தோடு விடுகிறாளா? ‘எந்த எண்ணுக்காவது ரெண்டு வழியிலயும் ஒரே விடை வருமா?’ என்கிறாள். ஒருவன் 1-ஐப் போட்டுப் பார்க்கிறான், வரவில்லை. இன்னொருவன் மைனஸ் எண்ணைப் போடுகிறான். பூச்சியத்தைத் தொட்டு ஒரு பையன் எழுந்து நிற்கும்போது மணி அடித்துவிடுகிறது. ஒரு பீரியடில் ஒரே ஒரு சூத்திரம். போர்ஷன் என்ன ஆவது?

போர்ஷன் என்றதும் உன் மூன்றாவது பெருமை வந்துவிட்டது. உன்னால்தான் நம் ஊரில் போர்ஷன் முடிகிறது. காலாண்டுக்கு முன் இத்தனை, அரையாண்டுக்கு முன் மொத்தமும், ஜனவரியிலிருந்து ரிவிஷன். இந்தத் தேரை ஒரு முட்டுக்கட்டையும் இல்லாமல் நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் நீ.

உன் குடும்பமும் பெருங்குடும்பம். வினா வங்கி உன் தம்பி, புக் பேக் உன் தங்கை. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 14, எட்டு மதிப்பெண் வினா 2. அந்த எட்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். ‘ஜாமெட்ரியும் கிராஃபும் போட்டாலே 16 மார்க், புக் பேக் ஒன் மார்க்கையும் முடிச்சா பாஸுக்குப் பக்கத்துல வந்தாச்சு’ என்று மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு வழி சொல்லப்படுகிறது. இந்தப் புகழை நான் முழு மனதோடு சொல்கிறேன்: அந்த வழியில் போய்ப் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் உண்டு. தாண்டியதால் பாலிடெக்னிக் போனவர்கள் உண்டு, வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களில் பலர் தொடுகோட்டை மில்லிமீட்டர் பிசகாமல் வரைவார்கள். அது ஏன் வட்டத்தை ஒரே இடத்தில் தொடுகிறது என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. அவர்களும் யாரையும் கேட்டதில்லை.

பரீட்சைக்கு மறுநாள் செய்தித்தாளில் பார்க்கலாம். ‘கிரியேட்டிவ் கேள்வி வந்துவிட்டது, மாணவர்கள் தவிப்பு’ என்ற பாணியில் செய்தி வரும். புத்தகத்தில் உள்ள கணக்கையே சற்றுத் திருப்பிக் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். யோசிக்க வைக்கும் கேள்வியை ஊரே ஒரு விபத்தைப் போலப் பேசுகிற நிலைக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்தாயே, அந்தச் சாதனை வேறு யாருக்கு வரும்?

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பெரும்பாலான பிள்ளைகளிடம் கணக்கைப் பற்றிய அச்சமும் தோல்வி உணர்வும் இருக்கின்றன என்பதையே அந்தக் குழு முதற்குறையாக எழுதியது. பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணக்குப் பாடத்தின் முதல் நோக்கமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. உன் காதில் அது விழவே இல்லை. நாற்பது பேர் சேர்ந்து ‘புரிஞ்சுது’ என்று சொல்லும்போது அச்சத்தின் குரல் எங்கே கேட்கப்போகிறது?

உன் எதிரிகளின் குறைகளையும் பட்டியலிட்டால்தான் உன் புகழ் நிறையும்.

‘செவ்வகத்தின் நீளம் 8, அகலம் 4, சுற்றளவு என்ன?’ என்பது உன் இனத்துக் கேள்வி. 24 என்று விடை வந்ததும் எல்லாரும் அடுத்த கணக்குக்குப் போகலாம். உன் எதிரி அதையே புரட்டிப்போட்டு, ‘சுற்றளவு 24 வருகிற மாதிரி எத்தனை செவ்வகம் வரைய முடியும்?’ என்கிறாள். முழு எண்களில் மட்டும் ஆறு. அரையும் காலும் சேர்த்தால் முடிவே இல்லை. ‘அதில் எதுக்குப் பரப்பு அதிகம்?’ என்றால் 6-க்கு 6 சதுரம் வந்து நிற்கிறது, பரப்பு 36. ‘பரப்பைக் குறைச்சுக்கிட்டே போனா எதுவரைக்கும் போகலாம்?’ என்றால் பத்தாம் வகுப்பைத் தாண்டிய கணக்கு ஆறாம் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. ஒரு கேள்விக்கு ஒரு விடை என்ற ஒழுக்கமே அவளிடம் இல்லை.

குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. சீசன் நாளில் அருவிக்கரைக் கடைகளில் பலாப்பழம் அடுக்கியிருக்கும். நம்முடைய பழைய கணக்கு நூலான கணக்கதிகாரத்தில், பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண ஒரு வழி உண்டு: காம்பைச் சுற்றியிருக்கும் சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. இதை மனப்பாடம் செய்யச் சொல்லி நீ வந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எதிரியோ, ‘இது மெய்யாலுமே சரியா வருமா? ஒரு பழம் வாங்கி எண்ணிப் பாப்போமா?’ என்கிறாள். ஒரு பழத்தில் ஒத்துவராவிட்டால் விதி பொய்யா? பத்துப் பழத்தில் எத்தனை ஒத்து வந்தால் நம்பலாம்? விதி சொன்னவர் காம்பருகே என்று எந்த வரிசை முள்ளைச் சொன்னார்? வகுப்பெல்லாம் பலாப் பால் பிசுக்கு, மேசையெல்லாம் கொட்டை. விடை என்னவென்று ஆசிரியருக்கே முன்கூட்டித் தெரியாது. அந்த இக்கட்டில் அவரை ஒருநாளும் நிறுத்தாத உன் அருளை என்னென்பேன்! உன் நிழலில் இருக்கும்வரை, தனக்கு விடை தெரியாத கேள்வியை ஆசிரியர் ஆயுளுக்கும் கேட்கவேண்டியதில்லை.

அருவியையும் அவள் விடுவதில்லை. ‘ஐந்தருவியில ஒரு கிளைக்கு அடியில ஒரு குடத்தை வெச்சா எத்தனை வினாடியில நிறையும்? அப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி விழுது? அதை வெச்சு நம்ம ஊருக்கு எத்தனை நாள் குடிக்கலாம்?’ விடைத்தாள் இல்லாத கணக்கு. குடத்தின் கொள்ளளவை ஊகிக்கவேண்டும், ஊரின் மக்கள்தொகையை விசாரிக்கவேண்டும், சாரல் வலுத்த நாளையும் அருவி மெலிந்த நாளையும் பிரித்துப் பார்க்கவேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிள்ளைகள் சண்டை போடவேண்டும்.

திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் சிங்கியிடம் கேட்டுக்கொண்டே இருப்பான். அவள் உடம்பில் புதிதாக ஏறியிருக்கும் நகைகள் என்னவென்று அவனுக்கு மெய்யாகவே தெரியாது, அதனால் ஒவ்வொன்றாகக் கேட்கிறான்; அவளும் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கேட்பவனுக்குத் தெரியாததும், பதிலை அறிய அவன் துடிப்பதும்தான் அந்த இடத்துக்கு உயிர். நம் வகுப்பறையில் அந்தத் தெரியாமையை ஆசிரியருக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை என்று நீ ஆக்கிவைத்திருக்கிறாய்.

உன் கண்ணுக்குத் தப்பிய ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குற்றாலத்தை ஒட்டிய வல்லத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை பிறந்தார். ஒரு வயதில் தாயை இழந்தார். செங்கோட்டை நடுநிலைப் பள்ளியில் படித்தார்; அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்தது. பள்ளியில் படிக்கும்போதே தந்தையும் போய்விட்டார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் அந்தப் பையனின் திறமையைக் கண்டுகொண்டு, தன் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துப் படிக்க வைத்தார். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘புரிஞ்சுது’ என்று சொன்னால் அதில் ஒரு பையனை எப்படித் தனியே கண்டுகொள்வது? சாஸ்திரியார் கண்டுகொண்டார்.

அந்தப் பையன் பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டு, எட்வர்டு வேரிங் 1770-இல் கிளப்பிவிட்ட கேள்வியைக் கையில் எடுத்தார். எந்த எண்ணையும் இத்தனை வர்க்கங்களின் அல்லது இத்தனை கனங்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. வர்க்கத்துக்கு 4, கனத்துக்கு 9. அப்படியானால் ஆறாம் அடுக்குக்கு எத்தனை? 73 என்று பிள்ளை 1940-இல் நிறுவினார். அதற்குக் குறைவாக முடியாது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையே சரிபார்க்கலாம். 703-ஐ எடுத்துக்கொள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது 703-ஐ விடப் பெரியது, உதவாது. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. பத்து 64 சேர்ந்தால் 640, மிச்சம் 63-க்கு ஒன்றுகளைத்தான் அடுக்கவேண்டும். 10-ம் 63-ம் 73. எல்லா எண்ணுக்கும் 73 போதும் என்று நிறுவுவதுதான் மலை. அந்த மலையில் ஏறியவர் வல்லத்துக்காரர்.

அவருடைய இன்னொரு கேள்வி இதைவிட எளிமையானது, ஆறாம் வகுப்பின் பொதுக் காரணிப் பாடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்தால், அவற்றில் ஏதாவது ஒன்று மற்ற எதனோடும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்குமா? 8, 9, 10 என்றால் 9 நிற்கிறது. பதினாறு எண்கள் வரை எங்கே எடுத்தாலும் அப்படி ஒன்று நிற்கும் என்று பிள்ளை காட்டினார். பதினேழில் அது உடைகிறது. 2184 முதல் 2200 வரை எழுதிப் பார். இரட்டைப்படை எண்கள் தங்களுக்குள் 2-ஐப் பகிர்ந்துகொள்ளும். 3-க்கும் 5-க்கும் கட்டுப்படாமல் முரண்டு பிடிப்பவை 2189, 2191, 2197. முதலாவது 11-ஐ 2200-உடன் பகிர்கிறது. இரண்டாவது 7-ஐ 2184-உடன். மூன்றாவது 13-ஐ அதே 2184-உடன். ஒன்றும் தப்பவில்லை. எத்தனை ஆயிரம் பிள்ளைகள் தென்காசி மாவட்டத்தில் பொதுக் காரணி கண்டுபிடிக்கும் கணக்கைப் போட்டிருப்பார்கள்! அந்த மண்ணில் பிறந்தவர் அந்தப் பாடத்திலிருந்தே இப்படி ஒரு கேள்வியை எடுத்தார் என்பதை அவர்களுக்குச் சொல்ல உனக்கு நேரம் இருக்கவில்லை. போர்ஷன் இருந்தது.

1950 ஆகஸ்டில், ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்கும் புறப்பட்டுப் போன பிள்ளை, ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரைச் சொன்னால் வல்லத்துப் பள்ளிப்பிள்ளைக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அதிலும் உனக்குப் பங்கு உண்டு.

ஆசிரியர்களை நான் பழிக்கவில்லை. அவர்களும் உன்னைக் கேட்டே வளர்ந்தவர்கள். நாற்பது பிள்ளைகள், குறித்த தேதிக்குள் முடிக்கவேண்டிய பாடம், தேர்ச்சி விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் கேட்கும் கூட்டம், இவ்வளவுக்கும் நடுவே நீ ஒருவன்தான் அவர்களுக்கு நல்லவனாகத் தெரிகிறாய். ‘புரிஞ்சுது சார்’ என்ற சத்தத்தைக் கேட்டதும் அவர்கள் நெஞ்சில் ஒரு நிம்மதி விழுகிறது. அந்த நிம்மதியைத் தரும் உன்னைக் கைவிட எப்படி மனம் வரும்? ஆனால் அந்தச் சத்தத்துக்குள் 25 என்று எழுதிய பிள்ளையின் குரலும் இருந்தது.

ஆகவே வல்லத்திலும் இலஞ்சியிலும் செங்கோட்டையிலும் தென்காசியிலும் கணக்கு எடுக்கும் ஆசிரியப் பெருமக்களே, ஒரு விண்ணப்பம். இந்த வாரம் ஒரே ஒரு பீரியடில் இவனுக்கு ஓய்வு கொடுங்கள். கரும்பலகையில் 23 என்று எழுதி, ‘இதை 1, 8, 27 மாதிரி கன எண்களைக் கூட்டிக் கொண்டுவாங்க. எத்தனை குறைவா முடியுமோ அத்தனை குறைவா’ என்று சொல்லுங்கள். 9 என்று ஒரு பிள்ளை சொல்வாள். இரண்டு 8, ஏழு 1. ‘எப்படிக் கண்டுபிடிச்சே?’ என்று கேளுங்கள். ‘எட்டுல முடிக்கவே முடியாதா? ஏன்?’ என்று கேளுங்கள். ‘இப்படி ஒன்பது கேக்குற எண் வேற எதாவது இருக்கா, தேடுங்க’ என்று விட்டுவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு எண் உண்டு, 239. அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.